மட்டையின் உயிர் எங்கே இருக்கிறது?



டென்னிஸ் ஆடுகிறவர்கள் கூடும் இடங்களில் ஒரு மனக்குறை திரும்பத் திரும்பக் காதில் விழும். பெரிய ஆட்டக்காரர்கள் கையாண்ட பழைய மட்டை ஒன்றை ஆசையோடு தேடி வாங்குகிறார்கள். மைதானத்தில் இறங்கி அரை மணி நேரம் ஆடியதும் முகம் சுருங்கிவிடுகிறது. பந்து போகவே மாட்டேன் என்கிறது, மட்டையில் உயிரே இல்லை, கை முன்னால் போனால் மட்டை பின்னால் வருகிறது என்கிறார்கள். அவர்கள் குறை சொல்லும் அதே வில்சன் புரோ ஸ்டாஃப் மட்டையை வைத்துத்தான் பீட் சாம்ப்ராஸ் 14 கிராண்ட்ஸ்லாம் பட்டங்களை வென்றார். இந்த முரணுக்கு இரண்டு விளக்கங்கள் தயாராக இருக்கின்றன. ஒரு சாரார் ‘அது பவர் குறைந்த மட்டை, அதன் இயல்பே அப்படி’ என்பார்கள். மறு சாரார் ‘குறை மட்டையில் இல்லை, கையில்தான்’ என்பார்கள். இரண்டும் பாதி உண்மை என்பதே என் வாதம். பழைய மட்டையின் பவர் எல்லா இடத்திலும் ஒரே அளவில் குறைந்திருக்கவில்லை. நடுவில் அது இன்றைய மட்டைக்கு ஏறக்குறைய ஈடு கொடுக்கிறது. நடுவை விட்டு விலக விலகச் சட்டென்று சரிகிறது. நாம் ‘செத்த மட்டை’ என்று சொல்வது பெரும்பாலும் இந்தச் சரிவைத்தான்.

எந்த மட்டையைப் பற்றிப் பேசுகிறோம் என்பதை முதலில் தெளிவாக்கிக்கொள்வோம். மர மட்டைகளின் காலத்தில் தலைப்பகுதியின் பரப்பு 65 முதல் 70 சதுர அங்குலம்தான். 1976-இல் ஹோவர்ட் ஹெட் என்ற அமெரிக்கப் பொறியாளர் பிரின்ஸ் நிறுவனத்தின் வழியாக 110 சதுர அங்குல மட்டையைக் கொண்டுவந்தபோது பலரும் அதைக் கிழவர்களின் கருவி என்று கேலி செய்தார்கள். 1980-களின் முற்பகுதியில் கிராஃபைட் மட்டைகள் மரத்தை ஓரங்கட்டின. புரோ ஸ்டாஃப் அந்தக் காலத்துப் பிள்ளை. கிராஃபைட்டும் கெவ்லாரும் சேர்த்து முறுக்கியது. தலை 85 சதுர அங்குலம். சட்டத்தின் கனம் ஏறத்தாழ 17 மில்லிமீட்டர். நரம்பு கட்டிய பிறகு எடை 350 கிராமுக்கு மேல். எடையின் பெரும்பங்கு கைப்பிடிப் பக்கம். 1987-இல் வில்சன் நிறுவனமே வெளியிட்ட புரொஃபைல் என்ற அகலச் சட்ட மட்டை, மிகப் பருத்த இடத்தில் 39 மில்லிமீட்டர் கனம் கொண்டிருந்தது. இன்றைய பொதுவான மட்டை இந்த இரண்டுக்கும் நடுவே நிற்கிறது: 100 சதுர அங்குலத் தலை, 23 முதல் 26 மில்லிமீட்டர் சட்டம், நரம்போடு சேர்த்து 320 கிராமுக்கு அருகில் எடை. சட்டத்தின் கனம் சற்றே கூடினாலும் விறைப்பு மடங்குக் கணக்கில் ஏறும் என்பதால், பழைய மெல்லிய சட்டம் இன்றைய சட்டத்தைவிட எளிதாக வளையும். சின்னத் தலை, வளையும் சட்டம், கனத்த உடல் ஆகிய மூன்றையும் மனத்தில் வைத்துக்கொண்டால் மேற்கொண்டு போகலாம்.

பந்து மட்டையில் தங்கும் நேரம் ஒரு விநாடியில் இருநூறில் ஒரு பங்கு, அதாவது சுமார் 5 மில்லி விநாடி. அதற்குள் பந்து நசுங்குகிறது, நரம்புப் பரப்பு பின்வாங்குகிறது, சட்டம் வளைகிறது. இந்த மூன்றும் தாங்கள் வாங்கிய ஆற்றலைத் திருப்பிக் கொடுத்தாக வேண்டும். இதில் மோசமான கடன்காரன் பந்துதான். சர்வதேச விதிப்படி 254 சென்டிமீட்டர் உயரத்திலிருந்து கெட்டியான தரையில் விடப்பட்ட பந்து 135 முதல் 147 சென்டிமீட்டர் வரைதான் எழும்ப வேண்டும். அப்படியென்றால் ஆற்றலில் நாற்பது விழுக்காட்டுக்கு மேல் பந்தே விழுங்கிவிடுகிறது. நரம்புகள் நேர்மையானவை, வாங்கியதில் பத்தில் ஒன்பது பங்குக்கு மேல் திருப்பித் தருகின்றன. நரம்பு இளகலாக இருந்தால் அது அதிகம் பின்வாங்கும், பந்து குறைவாக நசுங்கும், இழப்பும் குறையும். நரம்பை முறுக்கிக் கட்டினால் பவர் குறைகிறது என்று ஆட்டக்காரர்கள் சொல்வதன் காரணம் இதுதான். ஆனால் அந்த வேறுபாடு நாம் நினைப்பதைவிடச் சிறியது. இழுவிசையை 10 பவுண்டு கூட்டினாலோ குறைத்தாலோ பந்தின் வேகம் ஓரிரு விழுக்காடு மாறும், அவ்வளவே. சின்னத் தலையில் நரம்புகள் நீளம் குறைந்தவை, அதனால் அந்தப் பரப்பு சற்று விறைப்பாக இருக்கும் என்பது உண்மை. மட்டையைச் சாகடிக்க அந்த விறைப்பு மட்டும் போதாது.

சட்டத்தின் கதை வேறு. நடுவை விட்டு விலகி அடிபடும்போது சட்டம் வளைந்து அதிர்கிறது. மெல்லிய பழைய சட்டம் விநாடிக்கு 125 முறை அதிர்கிறது என்று வைத்துக்கொண்டால், ஒரு முழு அதிர்வுக்கு 8 மில்லி விநாடி ஆகும். பந்தோ 5 மில்லி விநாடியில் கிளம்பிவிடுகிறது. பேருந்து போன பிறகு நிறுத்தத்துக்கு ஓடிவரும் ஆளைப் போல, சட்டம் நிமிர்ந்து வருவதற்குள் பந்து போய்விட்டிருக்கும். சட்டத்துக்குள் போன ஆற்றல் பந்துக்கு உதவாமல் அதிர்வாகக் கையில் கரைகிறது. விறைப்பான அகலச் சட்டத்தின் அதிர்வெண் விநாடிக்கு 200 வரை போகும். அதன் முழு அதிர்வு 5 மில்லி விநாடியில் முடிவதால் பந்து கிளம்பும் வேளையில் அதுவும் நிமிர்ந்து நிற்கிறது, வளைவதும் குறைவு. இதுவரை கேட்டால் பழைய மட்டை தோற்றுவிட்டதாகவே தோன்றும். ஆனால் இங்கே ஒரு விதிவிலக்கு உண்டு, என் வாதம் அதன் மேல்தான் நிற்கிறது. நரம்புப் பரப்பின் நடுவை ஒட்டி, அதிர்வே எழாத ஓர் இடம் இருக்கிறது. பென்சில்வேனியா பல்கலைக்கழகத்தின் இயற்பியலாளர் ஹோவர்ட் பிராடி, ஸ்வீட் ஸ்பாட் என்று பொதுவாகச் சொல்லப்படுவதில் மூன்று வேறுவேறு இடங்கள் கலந்திருப்பதைப் பிரித்துக் காட்டினார். அவற்றில் ஒன்று இது. பந்து அங்கே பட்டால் சட்டம் அதிர்வதில்லை. அதிராத சட்டம் விறைப்பாக இருந்தாலென்ன, துவண்டிருந்தாலென்ன? பழையதற்கும் புதியதற்கும் உள்ள விறைப்பு வேறுபாடு அந்த இடத்தில் மறைந்துபோகிறது. இரண்டையும் ஒரே வேகத்தில் வீசினால் அங்கே கனத்த பழைய மட்டைதான் சற்று முந்தும், ஏனென்றால் பந்தின் மோதலுக்குக் கனமான பொருள் குறைவாகவே பின்வாங்கும்.

நடுவை விட்டு இடமோ வலமோ விலகினால் இன்னொரு இழப்பும் சேர்ந்துகொள்கிறது. மட்டை தன் நீளவாட்டு அச்சில் சுழன்றுவிடுகிறது. கைப்பிடியை இறுக்கிப் பிடித்தால் இதைத் தடுக்கலாம் என்பது நெடுநாளைய நம்பிக்கை. பந்து தங்கும் 5 மில்லி விநாடிக்குள் கையின் பிடிக்கு வேலையே இல்லை. மட்டை ஏறத்தாழ அந்தரத்தில் தொங்குவதைப் போலவே நடந்துகொள்கிறது. சுழற்சியைத் தடுப்பது அச்சிலிருந்து எடை எவ்வளவு தள்ளி இருக்கிறது என்பதுதான், அந்தத் தடையோ அகலத்தின் இருமடிப் பெருக்கத்தில் வளர்கிறது. எடை மாறாமல் அகலம் பத்து விழுக்காடு கூடினால் தடை இருபது விழுக்காட்டுக்கு மேல் கூடும். ஹோவர்ட் ஹெட் பெரிய தலையை நாடியதற்கு இதுவே அடிப்படை. புரோ ஸ்டாஃபை வடிவமைத்தவர்களுக்கும் இது தெரிந்திருந்தது. அதன் தலையின் இரு பக்கங்களிலும், கடிகாரத்தில் மூன்றும் ஒன்பதும் இருக்கும் இடங்களில், சட்டத்தைச் சற்றுப் பருக்கவிட்டு எடை சேர்த்தார்கள். சின்னத் தலையின் குறையை எடையால் ஈடுகட்டும் முயற்சி அது. ஓரளவு ஈடுகட்டியது, பெரிய தலையின் இடத்தை முழுவதும் எட்டவில்லை.

இந்த இழப்புகள் ஆட்டத்தில் எவ்வளவு தெரியும் என்பதைக் கணக்கிட எளிய வழி உண்டு. கைப்பிடி பிணைக்கப்படாத, அசையாமல் இருக்கும் மட்டையின் மேல் பந்தை எறிந்தால், வந்த வேகத்தில் எத்தனை பங்கோடு திரும்புகிறது என்று அளக்கலாம். அதை மீள்விகிதம் என்று அழைப்போம். தலையின் நடுவில் அது சுமார் 0.4. நுனிக்குப் போகப் போகக் குறைந்துகொண்டே வரும். நுனியருகே பந்தைப் போட்டால் அநேகமாக எழும்பவே எழும்பாது. அடிபட்டுப் போகும் பந்தின் வேகம் இரண்டு பகுதிகளின் கூட்டு: எதிரே வரும் பந்தின் வேகத்தை மீள்விகிதத்தால் பெருக்க வேண்டும், மட்டையின் வேகத்தை, ஒன்றோடு மீள்விகிதம் கூட்டி வந்த எண்ணால் பெருக்க வேண்டும். பந்து மணிக்கு 50 கிலோமீட்டர் வேகத்தில் வருகிறது, மட்டை 70 கிலோமீட்டர் வேகத்தில் அதைச் சந்திக்கிறது என்று கொள்வோம். நடுவில் பட்டால் 20-உம் 98-உம் சேர்ந்து 118. அதே வீச்சில் மீள்விகிதம் 0.3 ஆக இருக்கும் இடத்தில் பட்டால் 106. மீள்விகிதம் 0.2 என்றால் 94. வீசியவர் தன் பங்கில் எதையும் குறைக்கவில்லை. பந்து மட்டும் 24 கிலோமீட்டர் வேகத்தை இழந்து வலைக்குப் பக்கத்தில் விழுகிறது. இன்றைய மட்டையில் இந்தச் சரிவு மெதுவாக நிகழும், பழைய மட்டையில் விரைவாக நிகழும். கடைக்காரர் ‘பவர்’ என்று விற்பதில் பெரும்பகுதி, பிழை பொறுக்கும் குணம்தான். ராமநாதன் கிருஷ்ணன் 1960, 1961 ஆகிய இரண்டு ஆண்டுகளும் விம்பிள்டன் அரையிறுதி வரை போனது மர மட்டையோடுதான். அவருடைய சர்வீஸ் வலுவானதென்று யாரும் சொன்னதில்லை. எதிராளி அனுப்பும் வேகத்தை நடுவில் வாங்கித் திருப்பிவிடும் நுண்மையே அவர் ஆட்டம். மேலே சொன்ன கூட்டலின் முதல் பகுதியைச் சிந்தாமல் பயன்படுத்தியவர் என்று அவரைச் சொல்லலாம்.

இங்கே ஒரு மறுப்பு எழும். இவ்வளவு சுற்றிவளைப்பானேன்? பழைய மட்டை கனமானது. கனமானதை வேகமாக வீச முடியாது. அதனால் பந்து போகவில்லை. விஷயம் முடிந்தது என்பது அந்த மறுப்பு. இதைச் சோதித்துப் பார்த்திருக்கிறார்கள். சிட்னி பல்கலைக்கழகத்தின் ராட் கிராஸ் 2006-இல் சக ஆய்வாளரோடு வெளியிட்ட ஆய்வில், மாணவர்களை வெவ்வேறு கோல்களை முழு வலுவோடு வீசச் சொன்னார்கள். சில கோல்களுக்கு எடை ஒன்று, ஸ்விங் வெயிட் வேறு; சிலவற்றுக்கு ஸ்விங் வெயிட் ஒன்று, எடை வேறு. ஸ்விங் வெயிட் என்பது வீசும்போது கைக்குத் தெரியும் சுமை. எடை எங்கே வைக்கப்பட்டிருக்கிறது என்பதைப் பொறுத்தது. வீச்சின் வேகத்தை நிர்ணயித்தது ஸ்விங் வெயிட்தான். வெறும் எடைக்குப் பெரிய பங்கில்லை. ஸ்விங் வெயிட்டின் பாதிப்பும் மிதமானதே. அவர்கள் கண்ட விதிப்படி ஸ்விங் வெயிட் பத்து விழுக்காடு கூடினால் வீச்சின் வேகம் இரண்டரை விழுக்காடு போலக் குறையும். நம் கணக்கில் அது 118-ஐ 115 அல்லது 116 ஆக்கும். ஸ்விங் வெயிட் கூடும்போது மீள்விகிதமும் சற்று ஏறுவதால் அந்த இழப்பும் பெரும்பாலும் நிரவிவிடும். கைப்பிடிப் பக்கம் எடை குவிந்த பழைய மட்டைக்கு, தராசு காட்டும் அளவுக்கு ஸ்விங் வெயிட் கூடுவதில்லை என்பதையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். எடையால் நேரடியாகப் போவது இரண்டு மூன்று கிலோமீட்டர். நடு தவறுவதால் போவது பன்னிரண்டு, இருபத்து நான்கு.

அப்படியானால் மந்தம் என்று கை உணர்வது மாயையா? இல்லை. முழு வலுவோடு ஒரு முறை வீசிப் பார்ப்பது வேறு; ஆட்டத்தின் நடுவே வீசுவது வேறு. சர்வீஸைத் திருப்பும்போதும் வலையருகே நின்று ஆடும்போதும் கையைக் கடைசி நொடியில் திருத்த வேண்டியிருக்கிறது. ஓய்விலிருக்கும் மட்டையைக் கிளப்புவதும் போகும் மட்டையைத் திசை மாற்றுவதும் சுமைக்கு ஏற்பத் தாமதமாகும். இன்று ஆட்டம் கற்றவர்களின் கை இலகுவான மட்டைக்குப் பழகியது. கடைசி வரை காத்திருந்து, பந்தை அடியிலிருந்து மேலே உரசித் தூக்கும் டாப்ஸ்பின் வீச்சு அவர்களுடையது. அதே நேரக் கணக்கில் கனத்த மட்டையை எடுத்தால் அது இரண்டு மூன்று சென்டிமீட்டர் பின்தங்கிச் சந்திக்கும். அந்தச் சிறு தூரம் போதும், பந்து நடுவை விட்டு விலகுவதற்கு. மந்தம் வேறு, உயிரின்மை வேறு என்று தோன்றினாலும் ஆட்டத்தில் அவை கைகோத்தே வருகின்றன. சுமை நேரத்தைத் தவறவைக்கிறது. தவறிய நேரம் இடத்தைத் தவறவைக்கிறது. தவறிய இடத்தை மன்னிக்க இந்த மட்டையால் முடியாது. பழைய பாணியில் முன்கூட்டியே தோளைத் திருப்பி, நீண்ட வீச்சில் மட்டையின் கனத்தைத் தானே ஓடவிட்டவர்களுக்கு அதே சுமை துணையாக இருந்தது.

இரண்டாவது மறுப்பு இன்னும் நுட்பமானது. நடுவில் சரியாகப் பட்டபோதும் செத்த உணர்வுதான் வருகிறதே என்று கேட்பவர்கள் உண்டு. உணர்வை நான் மறுக்கவில்லை; அது எதைப் பற்றிய உணர்வு என்றுதான் கேட்கிறேன். கையிலிருந்து மூளைக்குச் செய்தி போய்ச்சேருவதற்குள் பந்து மட்டையை விட்டுப் போய்விடுகிறது. நாம் உணர்வது மோதலையல்ல, அதன் மிச்சத்தை. அந்த மிச்சம் கைப்பிடியின் அதிர்வும் காதுக்கு எட்டும் ஓசையும்தான். பருத்த, உள்ளீடற்ற, விறைப்பான சட்டம் உரக்க ஒலிக்கிறது. மெல்லிய சட்டமும் தோல் சுற்றிய கைப்பிடியும் தாழ்ந்த, அடங்கிய ஓசையே தரும். நரம்பில் ஒரு சின்ன ரப்பர் துண்டைச் செருகினால் ‘டங்’ என்ற ஓசை ‘டப்’ என்று அடங்கிவிடும். உடனே மட்டையின் உயிர் போனதாகச் சிலருக்குத் தோன்றும். அந்த ரப்பர் நரம்பின் அதிர்வை மட்டுமே தொடுகிறது. சட்டத்தின் அதிர்வையோ பந்தின் வேகத்தையோ அல்ல. நரம்பின் இழுவிசை மாறியிருப்பதை ஆட்டக்காரர்களால் கண்டுபிடிக்க முடிகிறதா என்று சிட்னியில் சோதித்தபோது, தேர்ந்த ஆட்டக்காரர்களிலும் பெரும்பாலோர் தவறினார்கள். ஓசையை உயிர் என்று எடுத்துக்கொள்வது எளிது. வேகத்தை அறிய வேண்டுமானால் பந்து எங்கே போய் விழுகிறது என்று பார்க்க வேண்டும்.

மூன்றாவது மறுப்பு வயதைப் பற்றியது. முப்பது ஆண்டுக்கு முந்தைய மட்டை தேய்ந்து துவண்டிருக்காதா? மர மட்டை ஈரத்தில் கோணிப்போகும். அதனால்தான் அதைச் சட்டப்பூட்டில் மாட்டி வைத்தார்கள். கிராஃபைட் அவ்வளவு எளிதில் தளர்வதில்லை. உள்ளே விரிசல் விழாத மட்டை பெருமளவு பழைய விறைப்போடே இருக்கும். தளர்வது நரம்புதான். சாம்ப்ராஸ் ஆட்டுக் குடலிலிருந்தோ மாட்டுக் குடலிலிருந்தோ எடுக்கப்படும் இயற்கை நரம்பை 70 பவுண்டுக்கும் மேலான இழுவிசையில் கட்டி ஆடினார். அடிக்கடி மாற்றவும் செய்தார். இன்று அதே சட்டத்தில் பாலியெஸ்டர் நரம்பைக் கட்டி மாதக்கணக்கில் விட்டுவிடுகிறார்கள். 1997-இல் குஸ்தாவோ குர்டன் பிரெஞ்சு ஓபனை வென்றதிலிருந்து பரவிய பாலியெஸ்டரின் சிறப்பு, பந்து உரசும்போது பக்கவாட்டில் நழுவிச் சட்டென்று பழைய இடத்துக்கு மீள்வது. அந்த மீட்சிதான் பந்தைச் சுழற்றுகிறது. நரம்புகள் ஒன்றையொன்று அறுத்துப் பள்ளம் விழுந்தால் நழுவல் நின்றுபோகும், சுழற்சி குறையும், பந்து உள்ளே விழாமல் நீளும் அல்லது வீசுகிறவர் பயந்து கையை அடக்குவார். இழுவிசை குறைந்த நரம்பு வேகத்தைக் கூட்ட வேண்டும் என்பது கணக்கு. ஆட்டக்காரரோ செத்துவிட்டது என்கிறார். இங்கும் செத்தது வேகம் அல்ல.

கடைசியாக, வல்லவர்களின் சாட்சி. சாம்ப்ராஸ் தன் மட்டையில் ஈயப் பட்டை ஒட்டி எடையை 400 கிராம் அளவுக்குக் கொண்டுபோனார். உயிரில்லாத மட்டைக்கு மேலும் சுமை ஏற்றுவது பைத்தியக்காரத்தனமாகத் தோன்றலாம். மீள்விகிதத்தையும் சுழற்சித் தடையையும் ஏற்றும் வழி அதுவே என்று தெரிந்தால் தோன்றாது. அந்தச் சுமையை நேரத்துக்குக் கொண்டுவரும் தோள் அவருக்கு இருந்தது. ரோஜர் ஃபெடரரின் பாதை எதிர்த்திசையில் போனது. 85 சதுர அங்குலத்தில் தொடங்கினார், 2003-இல் முதல் விம்பிள்டனை வென்றபோது 90, 2014-இல் 97. அதற்குள் எதிராளிகளின் பந்து அவருடைய ஒற்றைக் கைப் பேக்ஹேண்டுக்குத் தோளுயரத்தில் சுழன்றெழத் தொடங்கியிருந்தது. அந்த உயரத்தில் யாருக்கும் நடு தவறும். 17 கிராண்ட்ஸ்லாம் வென்ற பிறகு அவர் தலையைப் பெரிதாக்கிக்கொண்டார் என்றால், பவர் இல்லாமல் தவித்தார் என்று அதற்குப் பொருள் கொள்ள முடியாது. விலகிப் பட்ட பந்தும் பிழைக்க வேண்டும் என்பதே அவர் தேவை. 2017-இல் ஆஸ்திரேலிய ஓபனை மீண்டும் வென்றபோது பேக்ஹேண்டே அவருடைய ஆயுதமாகியிருந்தது.

இதிலிருந்து கிடைக்கும் முடிவு, மட்டையை விற்பவர், வாங்குபவர் இருவருக்கும் பொருந்தும். ஒரு மட்டையின் பவரை ஒற்றை எண்ணால் எழுதுவது தவறான பழக்கம். நடுவில் எவ்வளவு, இரண்டு அங்குலம் விலகினால் எவ்வளவு, நுனியில் எவ்வளவு என்று ஒரு வரைபடமாகவே அதைத் தர வேண்டும். அப்படித் தந்தால் பழைய மட்டைகள் ‘பவர் குறைந்தவை’ என்ற பெயரை இழந்து ‘இடம் குறுகியவை’ என்ற சரியான பெயரைப் பெறும். பழைய மட்டையை எடுத்து ஏமாந்தவர் செய்ய வேண்டியதும் இதே வரிசையில் அமைகிறது. முதலில் புது நரம்பு கட்டுங்கள், கொஞ்சம் இளகலாகவே கட்டுங்கள். பிறகு நரம்பில் பந்தின் ரோமம் ஒட்டித் தேய்ந்திருக்கும் இடத்தைப் பாருங்கள். அது நடுவில் இல்லையென்றால் வீச்சைச் சற்று முன்னதாகத் தொடங்குங்கள். தேய்வு நடுவுக்கு வந்த பிறகும் பந்து போகவில்லை என்றால் மட்டையைத் தாராளமாகக் குறை சொல்லலாம். ஆனால் அதற்கு முன்பே அலுத்துப்போய் 100 சதுர அங்குல மட்டைக்கு மாறினாலும் அதில் இழிவு ஒன்றுமில்லை. வாரத்தில் இரண்டு நாள் ஆடுகிறவருக்குப் பிழை பொறுக்கும் கருவி தேவைப்படுவது இயல்பு. தான் வாங்குவது வலிமையை அல்ல, மன்னிப்பை என்று தெரிந்து வாங்கினால் போதும்.